குழந்தைகளுக்கு வரும் ஐபிடி கூடிக்கொண்டே போகிறதாமே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடல் அழற்சி நோய் (ஆங்கிலச் சுருக்கம் ஐபிடி) வந்த பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை, மருத்துவச் செய்திகளைப் படித்து எழுதுகிறவன். அதனால் உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை இங்கே தேடாதீர்கள். மற்றதைக் கூடியவரை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஐபிடி என்றால் என்ன? எங்கள் டாக்டர் ஐபிஎஸ் என்றாரே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம். ஐபிஎஸ் உள்ளவருக்கு வயிறு வலிக்கும், படுத்தும், ஆனால் ஸ்கோப் (கேமரா வைத்த குழாய்) போட்டுப் பார்த்தால் குடலில் புண் இருக்காது. ஐபிடியில் நிஜமாகவே புண் இருக்கும், ரத்தம் கசியும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கிக்கொண்டிருக்கும். இதில் பெரிய வகைகள் இரண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலோடு நின்றுவிடும். கிரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், குடல் சுவரை ஆழமாக அரிக்கும், அதனால்தான் அதில் அடைப்பும் பவுத்திரமும் வருகின்றன. 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரில் கிரோனும் சக டாக்டர்கள் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. ஐபிடி உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு 20 வயதுக்குள்ளேயே நோய் தெரிந்துவிடுகிறது. பெரியவர்கள் நோய் என்று ஒதுக்கிவைக்க முடியாது.

நிஜமாகவே கூடுகிறதா, இல்லை, இப்போது டெஸ்ட் அதிகம் எடுப்பதால் அப்படித் தெரிகிறதா?

நல்ல கேள்வி, இரண்டுமே உண்டு. குடல் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தைப் பார்க்கும் டெஸ்ட் வந்த பிறகும், குழந்தைகளுக்கு ஸ்கோப் செய்யத் தெரிந்தவர்கள் கூடிய பிறகும், முன்பு தப்பியிருக்கக்கூடிய கேஸ்கள் இப்போது மாட்டுகின்றன. ஆனால் அதை மட்டும் வைத்து முழு ஏற்றத்தையும் விளக்க முடியாது. ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1990களின் முதல் பாதியில் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4.45 பேர் புதிதாக வந்தார்கள், 2003–2008இல் அது 7.82 ஆனது. 76 சதவீத ஏற்றம். பின்லாந்தில் 1987இல் 3.9 ஆக இருந்தது 2003இல் 7. இரண்டுமே பதிவேடுகளைப் பல ஆண்டுகளாக ஒழுங்காக வைத்திருக்கும் நாடுகள்.

2022இல் உலகம் முழுவதிலும் இருந்து வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். காலப்போக்கில் ஏறியதா இறங்கியதா என்று கணக்குப் பார்த்த 37 ஆய்வுகளில் 31இல் பிள்ளைகளிடம் புதிய கேஸ்கள் தெளிவாகக் கூடியிருந்தன. நோயோடு வாழும் பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தவை 7, ஏழிலும் ஏற்றம். வட ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் உச்சத்தில், தென் ஐரோப்பாவும் ஆசியாவும் கீழே.

இன்னொன்றும் உண்டு. கிரோன்ஸ் வந்த பிள்ளை இளைத்து, வளர்ச்சி நின்று, சோகை பிடித்து எப்படியும் ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தே தீரும். பத்து வருடம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கிற நோய் இல்லை இது.

கனடாவில் அதிகம் என்கிறார்களே, அங்கே நம் பிள்ளைகளுக்கும் வருகிறதா?

வருகிறது. இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான்.

பிள்ளைகளின் ஐபிடி மிக அதிகமாக உள்ள நாடுகளில் கனடாவும் ஒன்று. 1999 முதல் 2010 வரை ஐந்து மாகாணங்களின் கணக்கைப் பார்த்தபோது, 16 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 9.7 புதிய கேஸ்கள். அந்தக் காலத்தில் மொத்த வேகம் அவ்வளவாக மாறவில்லை, ஆனால் 5 வயதுக்குட்பட்ட சின்னஞ்சிறுசுகளிடம் மட்டும் வருடத்துக்கு 7 சதவீதம் கூடிக்கொண்டு வந்தது. அண்மைக் கணக்குகளில் பெரியவர்களிடம் ஏற்றம் நின்றுவிட்டது, பிள்ளைகளிடம் நிற்கவில்லை.

இனி நம்மவர் விஷயம். 1996 முதல் 2001 வரை பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் கணக்கில், புதிய கேஸ்கள் தெற்காசியப் பிள்ளைகளுக்கு லட்சத்துக்கு 15.19, மற்ற பிள்ளைகளுக்கு 5.19. மூன்று மடங்குக்குக் கிட்ட. அல்சரேட்டிவ் கொலைட்டிஸை மட்டும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. அங்கே தெற்காசியர் என்றால் பெரும்பாலும் பஞ்சாபியர், அதை அப்படியே தமிழருக்குப் பொருத்திவிட முடியாது என்பது சரிதான். ஆனால் தமிழர் நிறைய வாழும் ஸ்கார்பரோவும் மார்க்கமும் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறியவர்களை வைத்தே ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். வெளிநாட்டில் பிறந்து வந்த பெரியவர்களுக்கு ஐபிடி வரும் வாய்ப்பு கனடாக்காரர்களைவிடக் குறைவு. வரும்போது வயது எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுகிறது. அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்தால், தெற்காசியப் பெற்றோரின் பிள்ளைக்கும் பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கும் வித்தியாசமே இல்லை. கிழக்காசியாவிலிருந்து போனவர்களின் பிள்ளைகளிடம் இப்படி ஆகவில்லை, அவர்களுக்கு இன்னும் குறைவாகத்தான் வருகிறது.

ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அப்பா திருச்சியில் பிறந்தவர், பிள்ளை டொரன்டோவில் பிறந்தது. மூவரிடமும் இருக்கும் மரபணு அதே குடும்பச் சொத்துதான், மாறியது பிறந்த இடமும் முதல் சில வருடங்களும். டெஸ்ட் கூடியதால் கேஸ் கூடியது என்று வாதாடுகிறவர்களுக்கு இந்த ஆய்வைக் காட்டுங்கள், ஏனென்றால் பெற்றோரும் பிள்ளையும் போவது ஒரே ஊர் மருத்துவமனைக்கு.

நாம் இந்தியாவில்தானே இருக்கிறோம், நமக்கென்ன?

அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மருத்துவப் பாடத்திலேயே இது வெள்ளைக்காரர்களின் நோய் என்கிற தொனி இருந்தது. 1999இல் லூதியானாவில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தபோது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் லட்சத்துக்கு 44 பேரிடம் இருந்தது, எல்லா வயதும் சேர்த்து. பிறகு ஆசிய-பசிபிக் நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வில் இந்தியாவின் சார்பாக ஹைதராபாத் கலந்துகொண்டது. புதிய கேஸ்கள் லட்சத்துக்கு 9.31 என்று வந்தது, பங்கேற்ற ஆசிய இடங்களிலேயே அதிகம். சீனா 3.64.

இது நகரத்து வியாதி என்பாரும் உண்டு. ஹைதராபாத் ஏஐஜி மருத்துவமனைக்காரர்கள் எண்டோஸ்கோப்பி கருவிகளோடு தெலங்கானா கிராமங்களுக்கே போய் வயிற்றுத் தொல்லை உள்ளவர்களைப் பரிசோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். கிராமத்தில் பார்த்தவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு ஐபிடி, நகரத்து மருத்துவமனைக்கு வந்தவர்களிலும் அதே அளவு. வயிற்று நோயோடு வந்தவர்களில் 5 சதவீதம் என்பதைக் கவனிக்கவும், ஊரில் உள்ள எல்லோரிலும் அல்ல. இந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டு பயமுறுத்தும் ஃபார்வேர்டுகள் சுற்றுகின்றன.

இவையெல்லாம் பெரியவர்களும் சேர்ந்த கணக்குகள். நம் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் மருத்துவமனைகளிலிருந்து வரும் தொகுப்புகள், எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும், ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லாது.

புதிதாக வருவோர் கூடவில்லை என்றாலும் மொத்தம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

ஓட்டை இல்லாத தொட்டியில் குழாய் திறந்திருக்கிற மாதிரி. குழாயின் வேகம் கூடாவிட்டாலும் தண்ணீர் மட்டம் ஏறத்தான் செய்யும். 10 வயதில் வருகிற நோய், முழுதாகக் குணமாவதில்லை, நல்லவேளையாக ஆளைக் கொல்வதும் அரிது. ஆக ஒவ்வொரு வருடமும் வருகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டே இருப்பார்கள், 60, 70 வருடம். கனடாவின் கால்கரி நகரத்து ஆய்வாளர் கிலாட் கப்லானும் அவரோடு வேலை செய்கிறவர்களும் நாடுகளை இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள்: நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் கட்டம், புதிய கேஸ்கள் வேகமெடுக்கும் கட்டம், வேகம் குறைந்தும் மொத்தம் பெருகும் கட்டம், கடைசியில் சமநிலை. கனடா மூன்றாவதில். இந்தியா இரண்டாவதில்.

காரணம்தான் என்ன?

ஒரே காரணம் என்று யாராவது சொன்னால் அவரிடம் ஏதோ விற்பனைக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

மரபணு ஒரு பங்கு. 2001இல் நாட்2 என்ற மரபணுவுக்கும் கிரோன்ஸுக்கும் தொடர்பு கண்டுபிடித்தபோது பெரிய ஆரவாரம், ஆனால் மேற்கில் பிடிபட்ட அந்த மாற்றங்கள் இந்தியர்களிடம் மிக அரிது, இருந்தும் நமக்கு நோய் வருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் முழுவதையும் அலசி சுப்ரா குகதாசன் தலைமையில் 2003இல் வெளியான கணக்கில், நோய் வந்த பிள்ளைகளில் 89 சதவீதம் பேரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் ஐபிடி இல்லை.

அடுத்தது ஆன்டிபயாடிக். இதில் நான் கொஞ்சம் கறாரான ஆள். பிரிட்டனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே, குடலில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களைக் கொல்லும் வகை ஆன்டிபயாடிக் வாங்கிய குழந்தைகளுக்குப் பின்னாளில் ஐபிடி வரும் வாய்ப்பு ஐந்தரை மடங்கு. வயது கூடக்கூட அந்தத் தொடர்பு குறைந்தது. சரி, பதற வேண்டாம்: அந்த 10 லட்சம் பேரில் ஐபிடி வந்தது மொத்தமே 748 பேருக்கு, ஐந்தரை மடங்கு ஆனாலும் அரிதுதான். நோய் வரப்போகிற குழந்தைக்குத்தான் முன்கூட்டியே அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போய் மருந்து வாங்கியதோ என்ற சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. நிமோனியா வந்த குழந்தைக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? கூடாது. ஆனால் சாதாரண சளிக்கு மருந்துக்கடையில் போய் ‘போன தடவை கொடுத்தீங்களே, அந்த சிரப்பையே கொடுங்க’ என்று வாங்கி, இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் ஃபிரிட்ஜ் கதவில் பாதி பாட்டிலோடு வைத்து, அடுத்த மாதம் அதையே மறுபடி ஊற்றிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டே, அதற்கு எந்த நியாயமும் இல்லை.

வளரும் இடமும் கணக்கில் வருகிறது. கனடாவின் நான்கு மாகாணங்களில் பார்த்தபோது, பிறந்து முதல் சில வருடங்கள் கிராமத்தில் இருந்த பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு. மண், மாடு, பலவிதமான நுண்ணுயிர்கள் என்று ஊகம் போகிறது. தாய்ப்பால் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பாக்கெட் தின்பண்டங்கள் பற்றிய சந்தேகம் வலுத்து வருகிறது, அவற்றில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கக் கலக்கும் எமல்சிஃபையர்கள் குடலின் வழவழப்புப் படலத்தைக் கெடுக்கின்றன என்று எலிகளில் 2015இல் காட்டினார்கள். மனிதக் குழந்தையிடம் அதே அளவுக்கு நிரூபணமாகவில்லை.

காரம் தின்றதால்தான் குடல் புண்ணாச்சு என்கிறார் மாமியார்.

காரத்தால் ஐபிடி வராது. வந்த பிறகு, நோய் முற்றியிருக்கும் நாட்களில் காரம் சாப்பிட்டால் எரியும், அவ்வளவுதான். பரோட்டாவும் காரணம் இல்லை. அம்மா வேலைக்குப் போவதும் காரணம் இல்லை, அதையும் ஒருவர் கேட்டிருந்தார்.

தடுப்பூசியால் வந்திருக்குமா?

இல்லை. 1998இல் லான்செட் இதழில் 12 பிள்ளைகளை வைத்து எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் குடல் அழற்சியையும் முடிச்சுப் போட்ட கட்டுரை ஒன்று வந்தது, 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உண்மையில் ஐபிடி பிள்ளைக்குத் தடுப்பூசி இன்னும் முக்கியம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஆரம்பித்த பிறகு எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் போட முடியாது, ஆகவே விடுபட்டவை ஏதாவது உண்டா என்று ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த அறிகுறியைப் பார்த்து உஷாராக வேண்டும்?

வயிற்றுவலி, பேதி, எடை குறைவு மூன்றும் சேர்ந்து வரும் என்று புத்தகத்தில் இருக்கும். பிரிட்டனில் கணக்கெடுத்தபோது கிரோன்ஸ் வந்த பிள்ளைகளில் கால்வாசிப் பேருக்குத்தான் மூன்றும் சேர்ந்து இருந்தன. மற்றவர்கள் வேறு வேறு வேஷத்தில் வந்தார்கள்: காரணம் தெரியாத காய்ச்சல், இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஏறாத ஹீமோகுளோபின், திரும்பத் திரும்ப வாய்ப்புண், மூட்டு வீக்கம், ஆசனவாய்ப் பக்கம் சதை வளர்ச்சி அல்லது சீழ்.

கடைசியில் சொன்னதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு மூலம் வருவது அபூர்வம். ‘பைல்ஸ்தான்’ என்று களிம்பு கொடுத்து அனுப்பினால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட உயரம். பேதி தொடங்குவதற்கு மாதக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே, உயரம் ஏறுவது நின்றுவிடும். போன ஜூனில் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று வாங்கிய யூனிஃபார்ம் இந்த ஜூனிலும் அப்படியே பொருந்தினால் பணம் மிச்சம் என்று சந்தோஷப்படாமல், நிலைக்கதவில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தீர்கள் என்றால் அதைப் போய்ப் பாருங்கள், வகுப்பில் மூன்றாவது வரிசையில் நின்ற பிள்ளை இப்போது முதல் வரிசைக்கு வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். 13, 14 வயதாகியும் பருவமடையும் அறிகுறியே காணோம் என்றாலும் அப்படித்தான்.

நம் ஊரில் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் போகும் பாதை எல்லோருக்கும் தெரியும். முதலில் சூடு என்று இளநீர், அப்புறம் பூச்சி மருந்து, அதற்கும் நிற்காவிட்டால் தொக்கம் எடுப்பவரிடம், பிறகு சீதபேதி என்று மெட்ரோனிடசோல். இளநீரில் ஒரு கெடுதலும் இல்லை. ரத்தத்தோடு போகும் பேதி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கத்திலிருந்து எழுந்து கழிவறைக்கு ஓடினாலோ அந்தப் பாதையிலிருந்து விலகி நேராகக் குழந்தைகள் குடல் நிபுணரிடம் போக வேண்டும். தூக்கத்தைக் கலைக்கிற பேதி சாதாரணமானது இல்லை.

டிபி என்று மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கிரோன்ஸாக இருக்குமோ?

இருக்கலாம். இந்தச் சிக்கல் கனடா டாக்டருக்கு வருவது குறைவு, நம் டாக்டருக்குத் தினசரி. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். குடல் டிபி, கிரோன்ஸ் இரண்டுக்கும் பிடித்த இடம் ஒன்றே, சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலை. வலி, காய்ச்சல், இளைப்பு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பயாப்ஸி (சதைத் துணுக்குச் சோதனை) எடுத்தாலும் இரண்டிலும் கிரானுலோமா என்ற அழற்சி அணுக்களின் முடிச்சு தெரியலாம். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் டிபி என்று சொல்லிவிடலாம், நெகட்டிவ் வந்தால் எதையும் சொல்ல முடியாது, குடல் டிபியில் பல நேரம் நெகட்டிவ்தான் வரும்.

தப்பாகிப்போனால் இரண்டு பக்கமும் அடி. டிபி உள்ள பிள்ளைக்கு கிரோன்ஸ் என்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாபோ கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவும். கிரோன்ஸ் உள்ள பிள்ளைக்கு டிபி மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். முதல் ஆபத்து உயிருக்கே உலை என்பதால், சந்தேகம் தீராதபோது டிபி மருந்திலிருந்து ஆரம்பிப்பதில் தவறில்லை. அதை அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு. இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் போட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘வலி குறைஞ்சிருக்கு, பசி எடுக்குது’ என்பதை நம்பி ஸ்கோப்பைத் தள்ளிப்போடாதீர்கள், கிரோன்ஸ் உள்ளவர்களில் சிலருக்கும் டிபி மருந்தில் கொஞ்ச நாள் அப்படித் தேறுகிற மாதிரி இருக்கும், புண் மட்டும் ஆறாது.

என் குழந்தைக்கு ஒன்றரை வயதுதான். இவ்வளவு சின்ன வயதில் வருமா?

வரும், ஆனால் அந்த வயதில் மலத்தில் ரத்தம் என்றால் பசும்பால் ஒவ்வாமைதான் அதிகம், முதலில் அதைப் பார்ப்பார்கள். 6 வயதுக்குள், குறிப்பாக 2 வயதுக்குள் வருகிற ஐபிடியை டாக்டர்கள் தனியாகவே வைத்துப் பார்க்கிறார்கள். ஒற்றை மரபணுக் கோளாறு அதற்குப் பின்னால் இருக்கக்கூடும், அதுவும் எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்டது. இன்டர்லூக்கின்-10 ஏற்பிக் கோளாறு அப்படி ஒன்று. 2009இல் அதைக் கண்டுபிடித்தது சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்களின் குழந்தைகளிடம். மாமன் மகள், அத்தை மகன் உறவில் கட்டிக்கொள்வது நம்மிடம் இன்னும் சாதாரணம் என்பதால், டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். மரபணு டெஸ்ட் வீண் செலவு இல்லை, ஏனென்றால் இவற்றில் சிலவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் நோயையே தீர்த்துவிட முடியும், வழக்கமான ஐபிடி மருந்துகள் பயன்படாது.

என்னென்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

ரத்த அணுக்கள், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, மலத்தில் கிருமி உண்டா என்ற சோதனை, கால்புரொடெக்டின். நாலு வயதுக்கு மேல் கால்புரொடெக்டின் 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகமாக இருக்கும், சாதாரணக் குடல் தொற்றிலும் ஏறும், ஆகவே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் கூகுளில் தேடி அழாதீர்கள். முடிவு சொல்வது மேலும் கீழும் இரண்டு பக்க ஸ்கோப்பும் பயாப்ஸியும்தான், மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். பிள்ளைக்குக் கஷ்டமானது ஸ்கோப் இல்லை, முந்தின நாள் குடிக்கச் சொல்லும் பேதி மருந்து. சிறுகுடலுக்கு எம்ஆர்ஐ.

ஆறு வாரம் பால்பவுடர் மட்டும் குடி என்கிறார்கள். இது என்ன வைத்தியம்?

அது சாதாரண பால்பவுடர் இல்லை, முழு உணவுக்கான சத்தும் உள்ள ஃபார்முலா. கிரோன்ஸ் வந்த பிள்ளைகளுக்கு இதுதான் முதல் வரிசைச் சிகிச்சை என்று ஐரோப்பியக் குழந்தைகள் குடல் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 6 முதல் 8 வாரம், அதுவும் தண்ணீரும் மட்டும். பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு நோய் அடங்குகிறது. ஸ்டீராய்டுக்குச் சமமாக வேலை செய்கிறது, முகம் உப்பாது, வளர்ச்சி தடைபடாது, குடல் புண்ணும் ஆறுகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இது பலிக்காது.

சொல்வது சுலபம். வீட்டில் தோசை வார்க்கும் மணம் வரும்போது ஒரு பத்து வயதுப் பையனை டம்ளரோடு உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று குழுவில் உள்ள அம்மாக்களைக் கேளுங்கள். அவர்கள் கைகண்ட வழிகள்: நன்றாக ஜில்லென்று கொடுப்பது, மூடி போட்ட சிப்பரில் ஸ்ட்ராவோடு கொடுப்பது (வாசனை தெரியாது), முதல் வாரம் மற்றவர்களும் அவன் எதிரே சாப்பிடாமல் இருப்பது. தீபாவளி, கல்யாணம் இல்லாத மாதமாகப் பார்த்து ஆரம்பிக்க முடிந்தால் நல்லது, நோய் காத்திருக்கும் நிலையில் இருந்தால் மட்டும். குடிக்கவே முடியாத பிள்ளைக்கு மூக்கு வழியாகக் குழாய் போடலாம், பார்க்கத்தான் பயம். சில வகை உணவுகளை மட்டும் அனுமதித்து, பாதி ஃபார்முலா கொடுக்கும் முறை ஒன்றை 2019இல் இஸ்ரேல் டாக்டர்கள் தலைமையில் சோதித்தார்கள், பிள்ளைகள் அதை இன்னும் நன்றாகத் தாங்கினார்கள். நம் சமையலுக்குப் பொருத்தி எழுதிக்கொடுக்கத் தெரிந்த டயட்டீஷியன் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி என்றதும் பயமாக இருக்கிறது. தள்ளிப்போடலாமா?

எல்லோருக்கும் அது தேவைப்படாது. லேசான கொலைட்டிஸுக்கு மெசலமினே போதும். ஆனால் பவுத்திரம், பரவலான ஆழமான புண், வளர்ச்சி நின்றுபோன நிலை என்றால் காத்திருப்பதில் லாபமில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 28 மையங்களில் புதிதாக கிரோன்ஸ் வந்த 913 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை மருந்தைச் சீக்கிரமே ஆரம்பித்தவர்களுக்குக் குடலில் ஓட்டை, பவுத்திரம் போன்றவை குறைந்தன. குடல் சுருக்கத்தை மட்டும் அது தடுக்கவில்லை. 0, 2, 6ஆவது வாரங்களில் போட்டு, பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். ஆரம்பிக்கும் முன் டிபி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், நம் ஊரில் இதில் சமரசமே கூடாது. விலை பெரிய சுமைதான். பயோசிமிலர்கள் (மூல மருந்துக்கு நிகராக வேறு கம்பெனிகள் செய்பவை) வந்த பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவற்றைப் பற்றி டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசாதியோபிரின் மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது.

இன்றே டாக்டரைக் கூப்பிட்டு ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். நட்15 என்ற மரபணுவில் ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு மாற்றம் இருந்தால் இந்த மருந்து வெள்ளையணுக்களை அபாயமாகக் குறைத்துவிடும், முடி கொட்டுவது அதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். மருந்து தொடங்கும் முன்பே இதற்கு டெஸ்ட் எடுக்கலாம்.

நாட்டு மருந்து கொடுக்கலாமா?

எதைக் கொடுத்தாலும் டாக்டருக்குத் தெரிந்து கொடுங்கள், இருக்கிற மருந்தை நிறுத்திவிட்டுக் கொடுக்காதீர்கள். குறிப்பாக ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாத பொடியும் லேகியமும் வேண்டாம். இங்கிலீஷ் மருந்திலும் ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

பள்ளியில் என்ன சொல்வது?

கேட்காமலே கழிவறைக்குப் போக அனுமதி. அது ஒன்று கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். தண்ணீர் வராத, தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக்குப் பயந்து காலையில் சாப்பிடாமலே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு, எடை ஏன் ஏறவில்லை என்று வீட்டில் குழம்பிக்கொண்டிருப்பார்கள். தொற்றாது என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தம்பிக்கும் வருமா?

மற்ற பிள்ளைகளைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் வராமல் போவதற்கான வாய்ப்புதான் மிக அதிகம். அறிகுறி எதுவும் இல்லாதபோது சும்மா ஸ்கோப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் குறித்து வாருங்கள்.

முதல்முறை நிபுணரைப் பார்க்கப் போகிறோம். என்ன எடுத்துப் போக வேண்டும்?

தடுப்பூசி அட்டை, அதில் பழைய எடை எழுதியிருப்பார்கள். பள்ளி ஹெல்த் கார்டு இருந்தால் அதுவும். இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள் அனைத்தும், முக்கியமாக ஆன்டிபயாடிக்கும் டிபி மருந்தும். முன்பே பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, அந்த ஸ்லைடையும் பிளாக்கையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பார்கள். அப்பா, அம்மா இருவரின் உயரமும் தெரிந்திருக்கட்டும். ரத்தம் கலந்து போனதை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள், குடல் டாக்டர்கள் சாப்பாட்டு நேரத்திலேயே அதைப் பார்த்துப் பழகியவர்கள்.